மைக்ரோவோல்ட்டைத் தின்னும் சுவிட்ச்

தாம்பரத்தை நடுவில் வைத்து வரைபடத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டால், வெப்பநிலையைச் சரியாக அளப்பதையே அன்றாடக் கடமையாகக் கொண்ட இடங்கள் பல அதற்குள் வந்துவிடும். மீனம்பாக்கம் வானிலை நிலையம் சொல்லும் எண்ணை வைத்துத்தான் விமானம் எவ்வளவு எடையோடு ஓடுபாதையை விட்டு எழலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். கிண்டியில் தடுப்பூசிகளோடு புழங்கும் நிலையங்களில் குளிர்பெட்டியின் உட்புறம் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவே நிற்க வேண்டும். 1993-ல் தோன்றி இன்று பள்ளிக்கரணையில் இயங்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடலின் மேற்பரப்புக்கும் ஆழத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைக் கொண்டே குடிநீர் தயாரித்துக் காட்டியது. 2005-ல் லட்சத்தீவின் கவரத்தியில் அது நிறுவிய ஆலை நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் நன்னீர் தருவதற்காக அமைக்கப்பட்டது. அதற்கு ஆதாரமாக இருப்பது சுமார் 15 டிகிரி வேறுபாடு மட்டுமே. இன்னும் தெற்கே போனால் கல்பாக்கம். 1985 அக்டோபரில் முதன்முதலாகத் தொடர்வினை கண்ட அங்குள்ள சோதனை ஈனுலையில், எரிபொருள் கூடுகளிலிருந்து வெளியேறும் உருகிய சோடியத்தின் வெப்பநிலையைத் தெர்மோகப்பிள்கள் இடைவிடாது பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இந்த இடங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சங்கடம் உண்டு. வெப்பநிலை உணரிகள் தரும் மின்னழுத்தம் மிகமிகச் சிறியது. 1821-ல் சீபெக் கண்ட விளைவின்படி, இரு வேறு உலோகக் கம்பிகளைச் சேர்த்துச் சூடாக்கினால் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. தொழிற்சாலைகளில் அதிகம் புழங்கும் கே வகைத் தெர்மோகப்பிளில் அது டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். சாதாரண டார்ச் பேட்டரியின் ஒன்றரை வோல்ட்டை முப்பத்தாறாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையில் சோடியம் 547 டிகிரியில் வெளியேற வேண்டும் என்பது வடிவமைப்பு. அந்தச் சூட்டில்கூடக் கே வகைத் தெர்மோகப்பிள் தருவது ஏறத்தாழ 22.6 மில்லிவோல்ட்தான். தடுப்பூசிப் பெட்டியின் 2 முதல் 8 டிகிரி வரையிலான இடைவெளியோ வெறும் 240 மைக்ரோவோல்ட்டுக்குள் அடங்கிவிடும்.

பெரிய அமைப்புகளில் உணரிகள் பத்து, ஐம்பது, நூறு என்று இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உயர்தர அளவுமானி வைத்தால் செலவு கட்டாது. ஆகவே ஒரே அளவுமானியை வைத்துக்கொண்டு உணரிகளை வரிசையாக அதனோடு இணைத்துப் பிரிக்கிறார்கள். அந்த வேலையைச் செய்வதுதான் அனலாக் சுவிட்ச். எட்டுச் சுவிட்சுகளை ஒரே சில்லில் அடக்கினால் அது எட்டு வழி மல்ட்டிபிளெக்சர். அதற்குள் அசையும் பாகம் எதுவும் இல்லை. இரு வகை மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்கள் இணையாக நின்று, கட்டளை வந்தால் வழிவிடுகின்றன, வராவிட்டால் மறிக்கின்றன. மறிக்கும்போதும் முழுதாக மறிப்பதில்லை, வழிவிடும்போதும் முழுதாக விடுவதில்லை என்பதில்தான் தொல்லை ஆரம்பம். சில்லை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறார்கள்: விலை, அப்புறம் டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் மின்தடை. வெப்பநிலை உணரியைப் பொறுத்தவரை இந்த இரண்டுமே தவறான வழிகாட்டிகள். பார்க்க வேண்டியது உள்பக்க அட்டவணையில் ஒதுங்கிக் கிடக்கும் கசிவு மின்னோட்டம். அதிலும் 25 டிகிரிக்கான எண்ணை விட்டுவிட்டு, உச்ச வெப்பத்துக்கான எண்ணைப் பார்க்க வேண்டும்.

முதலில் மின்தடையை எடுத்துக்கொள்வோம். திறந்த நிலையில் சுவிட்சுக்கு இருக்கும் தடை, பழைய எட்டு வழிச் சில்லான 4051-ல் 15 வோல்ட் மின்வழங்கலில் நூறு ஓமுக்கு மேல். 5 வோல்ட்டில் அது பல மடங்கு கூடும். புதிய சில்களில் 4 ஓம் அளவுக்கும் கிடைக்கிறது. 4 ஓம் மேல், 120 ஓம் கீழ் என்று மனம் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறது. ஆனால் தடையின் வழியே மின்னோட்டம் பாய்ந்தால்தானே அதில் மின்னழுத்தம் விழும்? தெர்மோகப்பிளின் மின்னழுத்தத்தைப் படிக்கும் நல்ல பெருக்கி அதிலிருந்து ஏறக்குறைய எதையும் உறிஞ்சுவதில்லை. அங்கே சுவிட்சின் தடை 4 ஓமாக இருந்தால் என்ன, 400 ஓமாக இருந்தால் என்ன, பிழை ஒன்றுதான். அதைவிட முக்கியமானது, தடையைக் குறைக்க வேண்டுமானால் டிரான்சிஸ்டரைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் அதன் கொள்திறனும், நிலைமாறும்போது அது கொட்டும் மின்னூட்டமும், கசிவும் சேர்ந்தே வளர்கின்றன. ஒரே நிறுவனத்தின் ஏடிஜி1208, ஏடிஜி1408 என்ற இரு எட்டு வழிச் சில்கள் இதற்கு நல்ல சாட்சி. முன்னதன் தடை 120 ஓம், பின்னதன் தடை 4 ஓம். தடை அதிகமான 1208 கொட்டும் மின்னூட்டமோ ஒரு பிகோகூலும்புக்கும் குறைவு. 1408-க்கு அது பல மடங்கு. தெர்மோகப்பிளுக்கு இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், முதல் பக்கத்து எண்ணில் தோற்ற சில்லைத்தான் எடுக்க வேண்டும்.

பிளாட்டினம் உணரி, அதாவது பிடி100, வேறு சாதி. அதற்கு நாமே மின்னோட்டம் செலுத்தித் தடையை அளக்கிறோம். 0 டிகிரியில் 100 ஓம், அதற்கு மேல் டிகிரிக்கு 0.385 ஓம் கூடுகிறது. அந்த மின்னோட்டமும் அளவீடும் ஒரே சுவிட்ச் வழியாகப் போனால், சுவிட்சின் 100 ஓம் உணரியின் தடையோடு கூடி 260 டிகிரிப் பிழையாகத் தெரியும். அதைக் கணக்கில் கழித்துவிடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. கழிக்கலாம், ஆனால் மாஸ்ஃபெட்டின் தடை நிலையானதில்லை. அது டிகிரிக்குச் சுமார் 0.4 விழுக்காடு ஏறுகிறது, 100 ஓமில் அது 0.4 ஓம், பிளாட்டினம் ஒரு டிகிரிக்கு மாறுவதும் கிட்டத்தட்ட அவ்வளவே. அப்படியானால் அந்தக் கருவி உலையை அளக்கிறதா, தன் சொந்தச் சில்லின் சூட்டை அளக்கிறதா? இதற்குத் தீர்வு குறைந்த தடையுள்ள சுவிட்சைத் தேடி அலைவதில் இல்லை. நான்கு கம்பி இணைப்பு முறையில் மின்னோட்டத்துக்கு ஒரு ஜோடிச் சுவிட்ச், மின்னழுத்தத்தைப் படிக்க இன்னொரு ஜோடி என்று பிரித்துவிட்டால், மின்னோட்டம் பாயும் சுவிட்சின் தடை அளவீட்டில் நுழையவே நுழையாது. சுவிட்சைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது: அதன் வழியே மின்னோட்டம் போகிறதா, இல்லையா?

இனி கசிவு. மூடிய குழாய் சொட்டுவதுபோல, அணைந்த சுவிட்சுகளும் சிறிது மின்னோட்டத்தை ஒழுகவிடுகின்றன. எட்டு வழிச் சில்லில் ஒரு சுவிட்ச் திறந்திருக்க, மற்ற ஏழின் ஒழுகலும் பொதுக் கம்பியில் சேர்ந்து, திறந்திருக்கும் உணரியின் வழியாகத்தான் வெளியேறப் பார்க்கும். உணரியோடு இரைச்சலை வடிகட்ட ஒரு கிலோ ஓம் தடை போடுவது வழக்கம். கசிவு ஒரு நானோ ஆம்பியர் என்றால் அந்தத் தடையில் ஒரு மைக்ரோவோல்ட் விழும், கே வகையில் அது நாற்பதில் ஒரு பங்கு டிகிரி, கவலை இல்லை. 4051-க்குத் தயாரிப்பாளர் 25 டிகிரியில் உத்தரவாதம் தரும் உச்சக் கசிவு 100 நானோ ஆம்பியர். அதே தடையில் அது 100 மைக்ரோவோல்ட், அதாவது இரண்டரை டிகிரி. மேலே சொன்ன தடுப்பூசிப் பெட்டியின் மொத்த இடைவெளியே 6 டிகிரி. 5 டிகிரி என்று திரை காட்டும்போது உள்ளே இரண்டரை இருக்கலாம், ஏழரையும் இருக்கலாம். உறைந்து கெட்டுப்போகும் தடுப்பூசிகளும் உண்டு, சூட்டில் வீரியம் இழப்பவையும் உண்டு என்பதால் பிழை எந்தப் பக்கம் போனாலும் ஆபத்துதான். துல்லிய வகை மல்ட்டிபிளெக்சர்களோ 25 டிகிரியில் 0.1 நானோ ஆம்பியர் அளவுக்கு உத்தரவாதம் தருகின்றன.

இந்த 25 டிகிரி என்ற எண் யாருடைய ஊருக்கு எழுதப்பட்டது? குளிரூட்டிய ஆய்வகத்தின் எண் அது. சிலிக்கன் சந்திகளின் கசிவு, வெப்பநிலை பத்து டிகிரி ஏறும்போதெல்லாம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது மின்னணுத் துறையின் பழைய கணக்கு. கத்திரி வெயிலில் மீனம்பாக்கத்தில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுவது வாடிக்கை. மொட்டைமாடியில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள், பக்கத்தில் மின்வழங்கலும் சூடாகிக்கொண்டிருக்க, 65 டிகிரி வருவது அதிசயமில்லை. 25-லிருந்து 65 என்றால் நான்கு இரட்டிப்பு, பதினாறு மடங்கு. 85 டிகிரிக்கு ஆறு இரட்டிப்பு, அறுபத்துநான்கு மடங்கு. 4051-ன் அட்டவணையே உச்ச வெப்பத்தில் 1,000 நானோ ஆம்பியர் வரை போகலாம் என்கிறது. ஒரு கிலோ ஓமில் அது ஒரு மில்லிவோல்ட், 25 டிகிரிப் பிழை. ஜனவரிக் காலையில் சரிபார்த்துச் சான்றிதழ் ஒட்டிய கருவி மே மாத மதியத்தில் வேறொரு கருவியாகிவிடுகிறது. நம் ஊரில் வேலை செய்யப் போகும் சில்லை 25 டிகிரி எண்ணை வைத்துத் தேர்ந்தெடுப்பது என் பார்வையில் பொறுப்பின்மை.

வெப்பத்தோடு ஈரமும் சேர்கிறது. வங்கக் கடலும் பள்ளிக்கரணைச் சதுப்பும் பக்கத்தில் இருக்க, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் பெய்ய, இங்கே காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. பற்றவைத்தபின் பலகையில் கழுவப்படாமல் ஒட்டியிருக்கும் ஃப்ளக்ஸ் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தானே ஒரு மின்பாதை ஆகிவிடும். 15 வோல்ட் கம்பிக்கும் உணரிக் கம்பிக்கும் நடுவே பலகையின் மேற்பரப்புத் தடை ஆயிரம் மெகா ஓமாக இறங்கினாலே 15 நானோ ஆம்பியர் ஒழுகும். சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய துல்லியச் சில்லின் 0.1 நானோ ஆம்பியர் பெருமை அங்கேயே கரைந்துபோகும். ஆகவே பலகையைக் கழுவிக் காயவைத்துப் பூச்சுப் பூசுவதும், உணரிக் கம்பிகளைச் சுற்றி அதே மின்னழுத்தத்தில் ஒரு காவல் வளையம் ஓடவிடுவதும் சுவிட்ச் தேர்வின் பகுதிதான். சில்லை மட்டும் மாற்றிவிட்டுப் பலனில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் பலகையைப் பார்ப்பதில்லை.

நிலைமாறும்போது சுவிட்ச் கொட்டும் மின்னூட்டத்தைப் பற்றி ஒரு பரவலான நினைப்பு உண்டு. வெப்பநிலை மெதுவாக மாறும் சங்கதி, சுவிட்ச் போட்டபின் ஒரு மில்லிவினாடி பொறுத்துப் படித்தால் அந்த அதிர்ச்சி அடங்கிவிடும், ஆகவே அதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை என்பது அது. பாதி சரி. பத்து பிகோகூலும்பு மின்னூட்டம் பத்து நானோ ஃபாரட் மின்தேக்கியில் விழுந்தால் ஒரு மில்லிவோல்ட் எழும். ஒரு கிலோ ஓம் வழியாக அது நூறு மைக்ரோவினாடிக்குள் மைக்ரோவோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் இரைச்சலை ஒழிக்கவென்று மின்தேக்கியை ஒரு மைக்ரோ ஃபாரடாகப் பெரிதாக்கிவிட்டு, அந்த வழியை வினாடிக்கு ஆயிரம் முறை திறந்து மூடினால் கதை வேறு. ஒவ்வொரு முறையும் விழும் பத்து பிகோகூலும்பு முழுதாக வடிவதற்குள் அடுத்தது வந்து விழுகிறது. சராசரியில் அது பத்து நானோ ஆம்பியர் தொடர் கசிவுக்குச் சமம். ஒரு கிலோ ஓமில் பத்து மைக்ரோவோல்ட், கால் டிகிரி. வேகத்தைக் குறைத்தால் பிழையும் குறைகிறதா என்று பார்ப்பதுதான் இந்த நோயைக் கண்டுபிடிக்கும் எளிய வழி. அவசரமே இல்லாத ஒரு அளவை அவசரமாகப் படிக்க எந்தக் காரணமும் இல்லை.

கல்பாக்கத்தை மறுபடி எண்ணிப் பார்த்தால் இன்னொரு தேவை விளங்கும். அங்கே ஒவ்வொரு கூட்டின் வெப்பநிலையையும் மற்றவற்றோடு ஒப்பிடுவதில் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. ஒரு கூட்டில் சோடியத்தின் ஓட்டம் தடைபட்டால் அதன் எண் மட்டும் தனித்து ஏறும். இப்படி ஒப்பிடும் எந்த அமைப்பிலும் ஒரு வழியின் கோளாறு அடுத்த வழியைத் தொடக்கூடாது. சாதாரண மல்ட்டிபிளெக்சரில் தொட்டுவிடும். ஒரு உணரிக் கம்பி தவறிப்போய் உயர் மின்னழுத்தத்தில் பட்டால், அந்த வழி அணைந்திருந்தாலும், சில்லுக்குள் இருக்கும் ஒட்டுண்ணி டையோடுகள் கடத்தத் தொடங்கி மற்ற ஏழு வழிகளின் அளவையும் சிதைத்துவிடும். மின்சாரம் போன நேரத்திலும் இதே டையோடுகள் உணரியிலிருந்து மின்வழங்கல் கம்பிக்குப் பாதை திறந்துவிடும். இதற்கென்றே கோளாறுப் பாதுகாப்புள்ள மல்ட்டிபிளெக்சர்கள் செய்யப்படுகின்றன. அவற்றின் தடை சற்று அதிகம். மேலே கண்ட காரணத்தால் தெர்மோகப்பிளுக்கு அது ஒரு இழப்பே இல்லை. தெர்மோகப்பிளின் இரு கம்பிகளையும் சேர்த்தே மாற்றும் இரட்டைச் சுவிட்சை எடுப்பதும் நல்லது. இரு பக்கமும் ஒழுகல் ஒரே அளவாக இருந்தால் பெரும்பகுதி தானே கழிந்துவிடும்.

இதற்கெல்லாம் மறுப்பு உண்டு. அவற்றில் வலுவானது, 4051-ன் உண்மையான கசிவு 100 நானோ ஆம்பியர் இல்லை என்பது. அட்டவணையின் வழக்கமான மதிப்பு 0.01 நானோ ஆம்பியர்தான். அவ்வளவு சிறிய ஒழுகலைத் தொழிற்சாலையில் சில்லுக்குச் சில் சோதிக்க நேரமும் செலவும் ஆகும் என்பதால் தயாரிப்பாளர் தாராளமான ஒரு உச்ச எண்ணை எழுதிவைக்கிறார். ரிச்சி தெருவில் சில பத்து ரூபாய்க்கு வாங்கிய 4051 மேசைமேல் அழகாக வேலை செய்வது இதனால்தான். இதை நான் மறுக்கவில்லை. ஒரே ஒரு கருவி செய்கிறவர், அந்தச் சில்லைச் சூடாக்கித் தானே அளந்து பார்த்துவிட்டுப் போடலாம். அது நேர்மையான பொறியியல். நூறு கருவி செய்து நூறு மருத்துவமனைக்கு அனுப்புகிறவருக்கு அந்த உரிமை இல்லை. வழக்கமான மதிப்பு என்பது வாக்குறுதி ஆகாது. அடுத்த தொகுதிச் சில்கள் பத்து மடங்கு ஒழுகினாலும் தயாரிப்பாளரிடம் போய்க் கேட்க முடியாது.

கசிவே இல்லாத ரீட் ரிலே இருக்கும்போது சில் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ரிலேயின் நாக்கு நிக்கல் இரும்புக் கலவை. அது செம்புக் கம்பியோடு சேரும் இடம் தானே ஒரு தெர்மோகப்பிள், டிகிரிக்குச் சுமார் 40 மைக்ரோவோல்ட் தரக்கூடியது. சுருளில் மின்சாரம் பாய்ந்து ரிலே சூடாகி, இரு முனைக்கும் நடுவே கால் டிகிரி வேறுபாடு வந்தாலே பத்து மைக்ரோவோல்ட் பிழை. வெப்பப் பிழை குறைந்த சிறப்பு ரிலேக்கள் இருக்கின்றன. விலையும் இடமும் தேய்மானமும் அவற்றைச் சில இடங்களோடு நிறுத்திவிடுகின்றன. டிஎஸ்18பி20 போன்ற டிஜிட்டல் உணரிகள் இந்தத் தொல்லைகளையே தவிர்க்கின்றன என்பதும் உண்மை. 85 டிகிரிக்குள், அரை டிகிரி துல்லியம் போதுமென்றால் தாராளமாக அவற்றையே போடலாம். அதேபோலத் தெர்மிஸ்டரும் பிழைத்துக்கொள்ளும்: 10 கிலோ ஓம் தெர்மிஸ்டரை 5 வோல்ட்டில் அதே அளவு தடையோடு சேர்த்தால் டிகிரிக்கு 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் மாறுகிறது, 100 நானோ ஆம்பியர் கசிவு அங்கே நூறில் ஒரு பங்கு டிகிரிதான். அந்த வேலைக்கு 4051-ஐ விட்டு விலையுயர்ந்த சில்லுக்குப் போவது வீண் செலவு. சுவிட்சையும் உள்ளேயே வைத்து வரும் நவீன ஏடிசி (அனலாக் அளவை எண்ணாக மாற்றும்) சில்கள் பல சமயம் மிக நல்ல தேர்வு; ஆனால் உள்ளே ஒளிந்திருக்கும் சுவிட்சும் ஒழுகத்தான் செய்யும், அதன் அட்டவணையில் உள்ளீட்டு மின்னோட்டம் என்ற பெயரில் அது எழுதப்பட்டிருக்கும்.

1949-ல் சி. ராஜம் குரோம்பேட்டையில் நிறுவிய எம்ஐடி, கருவியியலைத் தனிப் பாடமாக நாட்டுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒன்று. தாம்பரம் சானடோரியத்தின் மெப்ஸ் ஏற்றுமதி வளாகமும், திருமுடிவாக்கத்திலும் மறைமலைநகரிலும் இருக்கும் தொழிற்பேட்டைகளும் அதற்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. கருவி செய்யத் தெரிந்தவர்களுக்கும் கருவி தேவைப்படுகிறவர்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. குளிர்பதனக் கிடங்கு நடத்துகிறவர், மருந்துக்கடை வைத்திருப்பவர், மருத்துவமனைக்குக் கருவி வாங்கும் பொறுப்பில் இருப்பவர் யாரும் நானோ ஆம்பியர் படித்திருக்க வேண்டியதில்லை. விலைப்புள்ளியோடு வரும் விற்பனையாளரிடம், உணரியை மட்டும் இல்லாமல் கருவிப் பெட்டியையும் 60 டிகிரியில் வைத்துச் சோதித்த அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வாங்கிப் பாருங்கள்; இல்லையென்றால் அந்தச் சோதனை முடிந்த பிறகு பணம் கொடுங்கள்.